மெஷின் நம் வீட்டில், ஆட்டம் எதிர்வீட்டில்

மைனி,

போன ஞாயிற்றுக்கிழமை வாஷியில் மகன் வீட்டில் இருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மருமகள் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு மலை எழுந்தது. அதன்மேல் ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். நான் பழைய பழக்கத்தில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவருக்குப் போகும் கரண்ட் ஒயரைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

“பொட்டி எங்கம்மா?” என்றேன்.

“பொட்டியெல்லாம் கிடையாது மாமி. மாசாமாசம் ரெண்ட் கட்டுறோம். மெஷின் எங்கயோ ஒரு ஊர்ல இருக்கு. கேம் மட்டும் நம்ம வீட்டுக்கு வருது.”

 கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஷர்தான் ஏறிவிட்டது என்று அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள். அவள் சொன்ன அதே வார்த்தைகளை ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்பு, தாராவியில், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்த ஒருத்தியின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் தமிழ் எழுத்து எப்போதும் கோணல்தான். உங்களுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. இரண்டும் சரியாகப் போயிற்று.

நீங்கள் என் காக்காவுக்கு, என் கூடப்பிறந்த அண்ணனுக்கு, வாழ்க்கைப்பட்டு மேலப்பாளையத்திலிருந்து வந்தபோது எனக்கு இருபது வயது, உங்களுக்கு இருபத்துமூன்று. காக்காவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. அடுத்த வருஷம் துபாயிலிருந்து வந்த உங்கள் தம்பி, சேலை வாங்கி வராமல் ஒரு டிவி கேம் பெட்டியும் ஏழு கேசட்டும் கொண்டுவந்தான். கேசட்டைப் பெட்டியின் முதுகில் செருகினால் டிவியில் படகு ஓடும், பறவை பறக்கும், நாம் கைப்பிடியை அசைக்கிற பக்கமெல்லாம் அது போகும். காக்கா விற்றுவிடலாம் என்றார். நீங்கள்தான், “வித்தா ஒருத்தரு வீட்டுல இருக்கும். பாடாவுக்கு, வாடகைக்கு விட்டா ஊருல எல்லா வீட்டுக்கும் போகும்” என்றீர்கள். காக்கா முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெட்டிக்கு அளவெடுத்து, உள்ளே வெல்வெட் துணி வைத்து, ஒரு தோல் பை தைத்துக் கொடுத்தார்.

கலர் டிவி இருந்த வீடுகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும்தான் அதிகம். நாம் இருவரும் பையைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். வாடகை ஒரு நாளைக்கு. நான் டிவியின் பின்னால் ஒயரை மாட்டுவேன், நீங்கள் குமிழைத் திருகிப் படம் பிடிப்பீர்கள். கேசட்டின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் கேசட்டில் எந்த ஆட்டம் என்று உங்கள் விரலுக்குத் தெரியும்.

பெட்டி வீட்டிலிருக்கும் மத்தியானங்களில் சந்துப் பெண்கள் நம் அறையில், நம் டிவி முன்னால் கூடுவார்கள். அவர்களில் எதிர்வீட்டு ஜுலைகாவை யாராலும் ஜெயிக்க முடியாது. டாக்ஸி ஓட்டுகிறவரின் மனைவி, என் வயதுதான். படகு ஆட்டத்தில் அவள் போய்ச்சேர்ந்த இடங்களை நாங்கள் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழையில் நம் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. நாம் மாட்டுங்காவில் பெட்டியோடு இருந்தோம். திரும்பி வந்தபோது, வீட்டில் விட்டுப்போயிருந்த மூன்று கேசட்டுகள் பலகையோடு சரிந்து அழுக்குத் தண்ணீரில் கிடந்தன. “போனது போவட்டும், விடுளா” என்றார் காக்கா. நீங்கள் கேட்கவில்லை. வீடியோ படக் கேசட் நனைந்தால் கடைக்காரர்கள் அதைத் திறந்து நாடாவை வெளியே இழுத்து உலர்த்துவார்களே, அதைப்போல் செய்யலாம் என்று பட்டறை திருப்புளியை எடுத்து ஒரு கேசட்டைத் திறந்தீர்கள்.

உள்ளே நாடாவும் இல்லை, சுற்றுகிற சக்கரமும் இல்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தகடு, அதன் நடுவில் கறுப்பாக, கட்டெறும்புக் கால்களோடு ஒரு துண்டு. அவ்வளவுதான்.

“ஏளா, இங்க வந்து பாரு. இதுக்குள்ளயா அந்த ஆறு, படகு, அத்தனையும் கெடக்கு?” என்றீர்கள். குரல் இறங்கிவிட்டது. தொழுகைப் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற மாதிரி பேசினீர்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி, தகட்டை அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படுகிற தூரத்தில் வைத்தீர்கள். மூன்றாம் நாள் செருகிப் பார்த்தபோது படகு ஓடியது. நான் கைதட்டினேன். நீங்கள் கைதட்டவில்லை. படத்தைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“ஓடுற சாமானே உள்ள இல்ல. கனமும் இல்ல. அப்போ இத எதுக்குளா நாம செம்பூருக்குச் சொமந்துட்டுப் போறோம்? டெலிபோன்ல பேச்சு போவுதுல்லா, அந்த மாதிரி இதையும் ஒயருல அனுப்பிற முடியாதா?”

நான் சிரித்தேன் மைனி. காக்காவிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன். இதை எழுதும்போது அதுதான் குத்துகிறது.

செம்பூரில் நம்மிடம் மாதம் ஒருமுறையாவது பெட்டி எடுக்கும் சார் ஒருவர் இருந்தார். ஏதோ பெரிய ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அந்தப் பக்கத்து அய்யர் பேச்சு. அடுத்த தடவை அங்கே போனபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டீர்கள். நான் வெட்கத்தில் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. 

“இதை யார் சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லல சார். தெறந்து பாத்தேன்.”

“உள்ள வாங்கோ. உட்காருங்கோ” என்று தம் நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். “நீங்க சொல்றது நடக்கும். ஆனா நம்ம டெலிபோன் ஒயர் அதுக்குப் பத்தாது. அத்தனையும் அதுல போகாது.”

“அப்போ ஒயர் மட்டும்தான் பாக்கியா சார்?”

அவர் மனைவி கொண்டுவந்த டீயை வாங்கி உங்களிடம் நீட்டினார். பிறகு, ஆளாளுக்கு ஒரு ஆட்டம் வேண்டுமென்றால் மெஷினும் ஒரு கட்டடம் அளவு பெரிதாக வேண்டியிருக்கும் என்றார்.

“இருக்கட்டுமே. மெஷினு எங்கயோ ஒரு ஊருல கெடக்கட்டும். ஆட்டம் மட்டும் வீட்டுக்கு வரட்டும். கொழாயில தண்ணி வருதுன்னா நாம கெணத்தயா தூக்கிட்டு அலையுதோம்?”

அந்த மனிதரின் முகத்தை நான் மறக்கவில்லை. அன்று வாசல்வரை வந்து வழியனுப்பியவர், நாம் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார். பஸ்ஸில் நான் உங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்களோ ராத்திரிக்குப் பருப்பு நனைக்க மறந்துவிட்டோமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஜுலைகாவின் புருஷன் மஞ்சள்காமாலையில் மவுத்தானார். ஜுலைகா இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் யாரும் அவளைப் பார்க்கக்கூடாது. அந்தச் சின்ன அறையில் அவளும் மாமியாரும் இரண்டு வயது மகளும். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சோறு வைத்தால் ஆறிப்போகும். மாமியார் மகனை நினைத்து அழுவதா, மருமகளுக்கு ஊட்டுவதா என்று தெரியாமல் தவித்தார்.

ஒரு மத்தியானம் நான் நம் அறையில் படகு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். நீங்கள் கஞ்சி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போயிருந்தீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகம் வேறாக இருந்தது.

“ஜுலைகா பேசுனா.”

“என்ன மைனி சொன்னா?”

“‘யாரு ஆடுதா? சத்தத்த வச்சே தெரியுது, சரியா ஆடல. சுழி வர்றதுக்கு முந்தியே திருப்பணும்’னா. பதிமூணு நாளைக்குப் பொறவு அவ பேசுன மொத பேச்சுளா இது.”

சந்து நான்கடி அகலம்கூட இல்லை. அந்த நான்கடியை அவள் தாண்டக்கூடாது. பெட்டியைத் தூக்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் அது மறுநாள் காட்கோபருக்கு வாடகைக்குப் போகவேண்டும், அடுத்த நாள் மாட்டுங்காவுக்கு, அவளுக்கோ இன்னும் ஏறக்குறைய நாலு மாதம் இருக்கிறது. தினமும் கழற்றி மாட்ட அந்த வீட்டில் ஆளில்லை. நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசித்த மாதிரி தெரியவில்லை. “ஒயரு போடுவோம்” என்றீர்கள்.

முதலில் ஜுலைகாவின் மாமியாரிடம் போனீர்கள்.

“மவுத்தான வீட்டுல ஆட்டமா புள்ள? சனம் என்ன சொல்லும்?” என்றார் அவர்.

“சாச்சி, அவ வெளிய வரல்லியே. ஆட்டந்தான உள்ள போவுது.”

 மறுநாள் காலையில் அவரே நம் வாசலுக்கு வந்தார். “அவ ரெண்டு வாய் சோறு திண்டா போதும். போடு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

டிவி ரிப்பேர் செய்யும் மணியண்ணன் ஒயர் கொண்டுவந்தார். அவர் உள்ளே வரமுடியாது. சந்தில் எதிர்வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சொன்னார். “அக்கா, பச்சைய பச்சையோட முறுக்குங்க! செவப்ப தனியா வைங்க! ரெண்டும் ஒட்டக்கூடாது!” நீங்கள் பல்லால் ஒயரின் தோலை உரித்தீர்கள். கைப்பிடியின் ஒயரை நீட்டி, படம் போகும் ஒயரைப் பிரித்து, இரண்டையும் நம் வீட்டுத் தகரக்கூரையிலிருந்து அவள் வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோனோம். ஜுலைகாவின் டிவி, அவள் புருஷன் டாக்ஸி ஓட்டி வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. அவர் போன நாளிலிருந்து துண்டு போட்டு மூடியிருந்தது. நான் அதை எடுக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஜுலைகாவே எழுந்து வந்து அந்தத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குமிழைத் திருகினேன். முதலில் வெறும் புள்ளிகள். பிறகு அலையலையாக ஏதோ ஆடியது. பிறகு ஆறு வந்தது மைனி. பெட்டி நம் வீட்டில், கேசட் நம் வீட்டில், ஆறு மட்டும் சந்தைத் தாண்டி அவள் வீட்டுக்குள் வந்தது. அவள் கைப்பிடியை அசைத்தாள், படகு திரும்பியது. மாமியார் “யா அல்லா” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். வெளியே மணியண்ணன், “வருதா? வருதாக்கா?” என்று கத்திக்கொண்டிருந்தார். 

அன்று அவள் அரைமணி நேரம் ஆடினாள். இடையில் அழுதாள், கைப்பிடியை விடாமலே அழுதாள். பிறகு மகளை மடியில் இழுத்துக்கொண்டு, நீங்கள் வைத்திருந்த சோற்றை அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தின்றாள். பெட்டி வீட்டிலிருந்த நாட்களிலெல்லாம் மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் கொஞ்ச நேரம் அவளுக்கு ஆறு போகும். அடுத்த மாதம் இன்னும் மூன்று வீடுகள் ஒயர் கேட்டன. ஒருவர் ஆட, நான்கு வீட்டில் பார்த்தார்கள்.

இத்தா முடிந்த அன்று காலையில் அவள் குளித்துச் சந்தைத் தாண்டி நம் அறைக்கு வந்தாள். “எப்புடி மைனி ஒங்களுக்குத் தோணிச்சு?” என்று கேட்டாள். “நீ சொல்லித்தான தோணிச்சு” என்று சொல்லிவிட்டு அவளுக்கு இட்லி எடுத்து வைத்தீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை.

பிறகு வீட்டுக்கு வீடு மலிவான பெட்டிகள் வந்தன, வாடகைக்குக் கேட்பார் இல்லை. ஜுலைகா விக்ரோலியில் தையல் கூடம் வைத்து மகளைப் படிக்க வைத்தாள். நான் செம்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்று, ஓய்வு பெற்றேன். நீங்கள் சர்க்கரையில் இளைத்து, ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டீர்கள். செல்போனில் படம் ஓடுவதைக்கூட நீங்கள் பார்க்கவில்லை.

அந்த ஆபீசில் நான் நிறையப் பெரிய படிப்பாளிகளுக்கு டைப் அடித்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நாளை உலகம் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டியவர்கள். எல்லாரும் அறிவாளிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பேசப்பேச எனக்குள் ஓர் அளவுகோல் தானாக எழுந்து நிற்கும். அது நீங்கள்தான் மைனி. அப்படிப்பட்ட ஒரு மூளை பத்துக்குப் பத்து அறையில், என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.