மரம் கேட்காத அனுமதி

குளுவாங், மலாயா. 1935 புரட்டாசி, செவ்வாய் இரவு.

இன்னும் கோபம் அடங்கவில்லை. புதிதாக ரப்பர்க் கன்று நடக்கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதே, அதன்படி நடக்கிறோமா என்று சோதிக்க இன்று ஒரு தமிழ் அதிகாரி என் தோட்டத்துக்கு வந்தார். நானும் என் மனைவி மீனாட்சியும் காடு வெட்டி, அட்டைக்கடி பட்டு உண்டாக்கிய தோட்டம். வேலியோரம் முளைத்திருந்த கன்றுகளைக் காட்டி, "யாரு நட்டது?" என்றார்.

"யாரும் நடலைங்க. வெயில்ல காய் வெடிச்சு, கொட்டை தெறிச்சு முளைச்சிருக்கு."

"அப்ப பிடுங்கிப் போடுய்யா. ரப்பர் விலை விழக்கூடாதுன்னுதான் சட்டம். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லது எனக்குத் தெரியுங்க. நடக்கூடாதுன்னீங்க, நடலை. பிடுங்கணும்னா நீங்களே பிடுங்கிக்குங்க."

வெள்ளைக் கால்சட்டை மண்ணாக, அவரே குனிந்து நாலைந்தைப் பிடுங்கினார். அப்போது தலைக்கு மேலே ஒரு காய் படீரென்று வெடித்தது. கொட்டை அவர் தொப்பியில் பட்டு உருண்டது. மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்ப வருவேன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அபராதம் போடுவாரோ என்று அவளுக்கு இப்போது பயம். போடட்டும். நான் ஒரு கன்றையும் தொடமாட்டேன்.

வானத்தில் மேகமே இல்லை. நாளைக்கும் நல்ல வெயில் அடிக்கும்.