மாடுகள் புதன்கிழமைதான் மலையேறும்

லா வெய்சேர், ஓப்ராக் மலை
9 ஏப்ரல் 1983

அன்புத் தம்பி ஃபிர்மினுக்கு,

நானும் முப்பத்தொரு பசுக்களும் சுகம். பாரீஸில் நீயும் உன் காப்பிக்கடையும் சுகம் என்பதை நேற்று வந்த அச்சுத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அக்காவுக்கு நாலு வரி எழுத உனக்கு நேரமில்லை. என் படத்தைப் போட்டு ஊரை அழைக்க மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

"மே 22, பெந்தகோஸ்தே ஞாயிறு. ஓப்ராக்கின் எழில்மிகு மலைகள், மலைநாட்டு உணவு, பசுக்கள் மேய்ச்சலுக்கு ஏறும் கண்கொள்ளாக் காட்சி. பாரம்பரிய உடையில் திருமதி நொயெலி உங்களை வரவேற்பார்." தபால்காரர் கஸ்தோன் இதை வாசலில் நின்று ராகம் போட்டுப் படித்தார். "ஏம்மா நொயெலி, பாரம்பரிய உடைன்னா இந்த ரப்பர் பூட்ஸா?" என்று கேட்டார். அவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

நம் மாடுகள் மே 25 அன்று, புனித ஊர்பேன் திருநாளில் மலையேறும். இந்த வருஷம் அது புதன்கிழமை. மேலே இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. முன்கூட்டியே ஏற்றினால் புல்லைக் குருத்திலேயே மிதித்துத் துவைத்துவிடும். ஜூலையில் மேய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. இதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதியை மாற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் மனைவி சொலான்ஜுக்கு என் அன்பு.

உன் அக்கா
நொயெலி


பாரீஸ்
20 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சொலான்ஜிடம் படித்துக் காட்டினேன். "அக்கா நல்லா காய்ச்சியிருக்காங்க" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிறவர்கள் என் வாடிக்கைக்காரர்கள். குமாஸ்தாக்கள், ஒரு பல் டாக்டர், இரண்டு டீச்சர்கள். புதன்கிழமை இவர்களுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? பெந்தகோஸ்தே என்றால் திங்களும் விடுமுறை. அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், பேருந்தும் பேசியாகிவிட்டது. வெறும் மூன்று நாள், அக்கா. மாடு நாள்காட்டி பார்த்தா நடக்கிறது?

இன்னொன்று. மேய்ச்சல் மலையில் பாதி என் பெயரில் இருக்கிறது. அப்பா எழுதிவைத்தது. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. கிளெர்மோனிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் என் பாதியைக் கேட்டு இரண்டு முறை கடைக்கு வந்துவிட்டார். மேலே இருக்கிற நம் கல் குடிலை விடுதியாக்கப் போகிறாராம். திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்றாம் முறை வந்தால் என்ன சொல்வேனோ தெரியாது. இது மிரட்டல் இல்லை.

உன் தம்பி
ஃபிர்மின்


லா வெய்சேர்
27 ஏப்ரல் 1983

தம்பி ஃபிர்மினுக்கு,

மிரட்டல் இல்லை என்று எழுதியதற்கு நன்றி. இல்லாவிட்டால் தப்பாக நினைத்திருப்பேன்.

பேருந்து எந்த நாளும் வரட்டும், சாலை அரசாங்கத்தினுடையது. மாடுகள் என்னுடையவை. புதன்கிழமை.

நொயெலி


பாரீஸ்
24 மே 1983

அக்காவுக்கு,

அறுபத்திரண்டு பேர் கேமராவும் கையுமாக மழையில் ஒரு மணி நேரம் நின்றார்கள். நீ தொழுவத்தைத் திறக்கவே இல்லை. கடைசியில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து என்ன சொன்னாய்? "மாடு புதன்கிழமைதான் போகும். புல்லு இன்னும் விரல் நீளம்கூட வளரலை. என் தம்பிக்கு இது தெரியும், பாரீசுல மறந்துட்டான். பசிச்சா உள்ள வாங்க." அத்தனை பேர் முன்னாலும்.

அப்புறம் பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கையும் புதுப் பாலாடைக்கட்டியையும் போட்டுக் கிண்டி, கம்பியாக இழுத்து இழுத்துத் தட்டில் போட்டாய். எல்லோரும் என்னை மறந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பேருந்து முழுக்க உன் பேச்சுத்தான். "உங்க அக்கா மாதிரி திமிரு புடிச்ச பொம்பளைய நான் பார்த்ததே இல்ல சார், அடுத்த வருஷமும் கூட்டிட்டுப் போங்க" என்கிறார் பல் டாக்டர்.

மந்தைக்கு முன்னால் நடக்கப்போவது நான்தான் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். நம்மூர் மாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி புது நீல அங்கியும் வாங்கியிருந்தேன். பதினைந்து வயதில் நான் ஊரை விட்டுப் போன அந்த மே மாதம், ஒரே ஒரு தடவை முன்னால் நடக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "பாரீசுக்குப் போறவனுக்கு என்னடா முன்வரிசை? பின்னாடி சாணிய மிதிச்சுக்கிட்டு வா" என்றார். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு முப்பத்தேழு வருஷமாக ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 2 அன்று ஹோட்டல்காரருக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஃபிர்மின்


லா வெய்சேர்
26 மே 1983

அன்புத் தம்பிக்கு,

நேற்று மாடுகள் ஏறின. உன் ஆட்களில் டீச்சர்கள் இரண்டு பேரும் பேருந்தில் ஏறாமல் இங்கேயே தங்கி, மழையில் கூடவே நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று தந்தி கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா உன்னிடம் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. நீ ரயிலேறிய அன்று தொழுவத்தில் நின்று அழுதேன். அழுது முடித்ததும், இனி மாடுகள் எனக்குத்தான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன், ஃபிர்மின். ஆனால் அதற்காக மாடுகளை ஞாயிற்றுக்கிழமை ஏற்ற மாட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் வந்து என் முகத்துக்கு நேரே திட்டு. புல்லின்மேல் காட்டாதே. கையெழுத்துப் போடுவதானால் போட்டுக்கொள். அடுத்த மே 25 அன்றும் நாங்கள் ஏறுவோம். அந்த ஹோட்டல்காரர் வேலி போட்டால் கம்பி வெட்டும் குறடோடு வருவேன். போலீஸைக் கூப்பிடட்டும். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளையையும் முப்பத்தொரு மாட்டையும் எந்த ஜீப்பில் ஏற்றுகிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

உன் அக்கா
நொயெலி


பாரீஸ்
3 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. உன் குறடுக்குப் பயந்து என்று நினைத்துக்கொள்ளாதே.

பத்திரத்தை மேசையில் விரித்துவைத்து ஹோட்டல்காரர் சொன்னார்: "மாட்டை விரட்டவெல்லாம் மாட்டோம் சார். ஞாயித்துக்கிழமைல மட்டும் ஒரு பத்து மாட்டை அலங்காரம் பண்ணி நடக்க விடுவோம். மாடு என்ன நாள்காட்டி பார்த்தா நடக்குது?" நான் உனக்கு எழுதிய அதே வார்த்தை. அந்த ஆள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது காது கூசியது. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மே 25 வெள்ளிக்கிழமை. கடையைச் சாத்திவிட்டுத் தனியாக வருகிறேன். ஆனால் முன்னால் நடப்பது நான்தான். அப்பா எனக்குத் தராத அந்த இடத்தை நீ தர வேண்டும்.

உன் தம்பி
ஃபிர்மின்


லா வெய்சேர்
8 ஜூன் 1983

அன்புத் தம்பி ஃபிர்மினுக்கு,

தர மாட்டேன்.

அப்பா எனக்கும் அதைத் தரவில்லை. அவர் படுக்கையில் விழுந்த வருஷம், மே 25 காலையில் நான் கோலை எடுத்ததும், "பொம்பள முன்னாடி நடந்தா ஊரே சிரிக்கும், கோலைக் கீழ போடுடி" என்று கட்டிலிலிருந்து கத்தினார். ஊரும் சிரித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். அந்த இடத்தை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

காலை ஐந்து மணிக்குத் தொழுவத்தைத் திறப்பேன். உனக்காக ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டேன். வா. என்னை முந்த முடிந்தால் முந்தி நட.

உன் அக்கா
நொயெலி