மாடிக் கம்பியின் நானோ பூச்சு

கார்த்திகை மாதம், வியாழன் இரவு.

நாளை தீபம். மலையைப் பார்க்கத் தெருவே எங்கள் மாடிக்கு வரும். எல்லோரும் சாய்ந்து நிற்பது மாடி ஓரத்துக் கைப்பிடிக் கம்பியில்தான்.

போன மாதம் மாப்பிள்ளை அதற்கு நானோ பூச்சு அடித்தார். நான்தான் தெருவுக்கே விளக்கினேன்: ஜல்லிக்கு நடுவே மணல் கொட்டினால் சந்து அடைபடும். அப்படித்தான் நுண்துகள்கள் பெயிண்டின் சந்துகளை அடைக்கும், தண்ணீர் இறங்காது.

இன்று மாலை கம்பியின் அடியில் ஒரு கொப்புளம் பார்த்தேன். நகத்தால் கீறினேன். பூச்சு தோலாக உரிந்தது, உள்ளே துரு பொடியாகக் கொட்டியது. பழைய துருவைச் சுரண்டாமலே அடித்திருக்கிறார். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்ட மாதிரி.

மனைவியிடம் சொன்னேன்.

"சும்மா இருங்க. இப்பதான் தொழில் ஆரம்பிச்சிருக்காரு. வெளிய தெரிஞ்சா அவமானமாயிடும்."

"ஆளு விழுந்தா?"

"உங்க ஜல்லி, மணல் கதையக் கேட்டுட்டுதான் எதிர்வீட்டு அம்மாவும் அவங்க மாடிக் கம்பிக்கு அவரையே அடிக்கச் சொன்னாங்க" என்றாள்.

எங்கள் மாடிக் கதவைப் பூட்டிவிட்டேன். எதிர்வீட்டு மாடிக்கு என்னிடம் சாவி இல்லை. விடிந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். மகள்தான் எடுப்பாள்; முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும்.