வீட்டுக்காரர் பெயர்

தாண்டிக்குடி

என் மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு அழகம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடும் நலம். வேறு யாரும் இல்லை, விசாரித்து எழுத.

போனில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பிடிக்காவிட்டால் கிழித்துப்போடுங்கள், படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பெரும்பாறைப் பக்கம் விடாத மழை. ஜீப் வராத நாளில் நடந்தே போகிறேன். 'ஊர்ச்சோலி' என்று சண்டை போட்டுவிட்டுத் திருப்பூர் போனீர்களே, அதே சோலிதான். சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் என்றால் யாருக்கும் புரிவதில்லை. வக்கீலம்மா என்கிறார்கள். வக்கீல் இல்லை, வக்கீலிடம் கூட்டிப்போகிறவள் என்று சொல்லியே வாய் வலிக்கிறது.

ஜீப் கவிழ்ந்து வீட்டுக்காரரைப் பறிகொடுத்த கருப்பம்மாளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஏட்டு இறந்தவர் பெயரைக் கேட்டார். இவள் சுவரைப் பார்த்தாள். "பேரு தெரியாமயா இம்புட்டு நாளு குடும்பம் நடத்துன?" என்று சிரித்தார். செத்த பிறகும் புருஷன் பெயரை அவள் வாயால் சொல்வாளா? நான்தான் சொன்னேன், மாரிமுத்து என்று. என் சோலியில் பாதி இதுதான்.

போன வெள்ளிக்கிழமை கொடைக்கானலில் எங்களுக்குப் பாராட்டுக் கூட்டம். ஆட்டோ ஓட்டுகிற செந்தில்வேல், நர்ஸ் சுபஸ்ரீ, காபிப் பழம் பறிக்கிற நான் என்று பலதரப்பட்ட தன்னார்வலர்கள். மற்றவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சான்றிதழ் எழுதிய பெண் என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டாள். பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். எனக்காகச் சொல்ல யாரும் இல்லை. எழுதிக் காட்டியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தி, "அவுக இல்லீங்களாக்கா?" என்றாள். சட்டென்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "இருக்காக, நல்லா இருக்காக" என்றேன். அப்போதும் நான் பெயரைச் சொல்லாததால், அப்பா பெயரே போதும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

மேடையில், "மாயன் மகள் அழகம்மாள்" என்று கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்திக் கைதட்டினார்கள். நான் கல்யாணமே ஆகாதவளைப் போல இறங்கி வந்தேன். பஸ்ஸில் தாண்டிக்குடி வரும்வரை அழுகை நிற்கவில்லை.

இந்தச் சோலியை விட மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் திட்டுவதானால் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

மழை விட்டதும் வாருங்கள். அடுத்த தடவை யாராவது கேட்டால், பக்கத்தில் நின்று உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
அழகம்மாள்