கண்ணாடி பார்த்து ஒரு நட்சத்திரம்

அப்பா,

எழுப்பத்தான் வந்தேன். துறைமுகத்தில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு அசந்து தூங்குகிறீர்கள். ஒரு வாரமாக நமக்குள் பேச்சும் இல்லை. வாய் வரவில்லை.

இன்று எனக்கு சைக்காலஜி பிராக்டிகல். சோதனை செய்ய ஆளை நாமே கூட்டிப் போக வேண்டும். வருவதாக இருந்த மௌஷுமிக்கு அம்மை போட்டிருக்கிறதாம், இப்போதுதான் போன் வந்தது. ஆள் இல்லையென்றால் முட்டைதான்.

அம்மா எனக்காக வேண்டிக்கொள்ளக் காளிகாட் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வீட்டில் இருந்தாலும் பயனில்லை. அவளையும் கீழ் வீட்டு மாஷிமாவையும் வைத்துப் பழகிப் பழகி, இருவரும் இப்போது தூக்கத்தில்கூடச் செய்துவிடுவார்கள். இதுவரை செய்தே பார்க்காத ஆள் வேண்டும். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று என் புத்தகத்தைக்கூடத் தொடாதவர் நீங்கள். அதனால் உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை.

பதினோரு மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அலாரம் வைத்திருக்கிறேன், அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்காதீர்கள். இட்லி ஹாட்பேக்கில். பூட்டிவிட்டுச் சாவியை மாஷிமாவிடம் கொடுங்கள்.

கண்ணாடியில் மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு போட வேண்டும். அவ்வளவுதான்.

தாரிணி

மங்கி கேப் வேண்டாம், ப்ளீஸ்.

இன்னொன்று. கை எதிர்ப்பக்கம்தான் போகும், எல்லோருக்கும் அப்படித்தான். நீங்கள் எத்தனை தப்புச் செய்தாலும் நான் திட்டக் கூடாது, பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான், அப்பா, மார்க்கே.