முப்பத்தெட்டாவது கேள்வி

ஈப்போ,
8 ஜூன் 1985

அன்புள்ள வெங் கியோங்குக்கு,

சூக் ஹா எழுதுவது. நானும் குழந்தையும் உங்கள் அம்மாவும் இங்கே நலம். உங்கள் நலத்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம் முழுவதும். அதனால் வழக்கம்போல அதை ஒரு வரியில் கேட்டுவிட்டு நகர முடியவில்லை.

டர்பனிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கைக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். புதிய கேப்டனின் சிடுசிடுப்பு, கப்பல் சமையல்காரரின் வெந்தும் வேகாத சோறு என்று மூன்று பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இடது காது இரண்டு மாதமாகத் தண்ணீர் புகுந்தது போல அடைத்திருக்கிறது, என்ஜின் அறைச் சத்தம்தான் காரணம். காலையில் துப்பும் சளியில் கொஞ்சம் ரத்தம், அது காற்று வறண்டதால். அம்மாவிடம் சொல்லாதே.

எங்கள் ஆய்வுப் படிவத்தின் முதல் பக்கத்தில், நோயாளிகள் தங்கள் வாயால் முதலில் சொன்னதை எழுதிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. உங்கள் வரியை வெட்டி அங்கே ஒட்டினால் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. காது அடைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் ஜலதோஷம். நாங்கள் ஆராயும், மூக்கின் பின்னால் வரும் புற்றுநோய் நம் சீன ஆண்களில் வருடத்துக்கு லட்சத்தில் பதினைந்து இருபது பேருக்குத்தான் வருகிறது. எத்தனை கூட்டங்களில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்கு அது எப்போதும் சின்ன எண்ணாகவே இருந்தது. இந்தப் பதினொரு நாளாக இல்லை.

என்னைக் கஞ்சி இன்ஸ்பெக்டர் என்று கேலி செய்வீர்களே தவிர, என் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். இந்த ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். ஆறு வருடமாக நாங்கள் செய்வது இதுதான்: இந்த நோய் வந்த ஒருவர், அவர் தெருவிலேயே அதே வயதில் நோய் இல்லாத இன்னொருவர் என்று இணை இணையாக எடுத்துக்கொள்கிறோம். இருவரின் தாயையும் தேடிப் போய், பால் மறக்கடித்தபோது பிள்ளைக்கு என்ன ஊட்டினீர்கள் என்று கேட்கிறோம். மொத்தம் அறுபது கேள்வி. அதில் எங்களுக்கு வேண்டியது முப்பத்தெட்டாவது: கஞ்சியில் கருவாடு பிசைந்து ஊட்டினீர்களா? நோய்க்கு அதுதான் காரணமோ என்பது எங்கள் சந்தேகம். அந்தக் கேள்வியைப் பூசணிக்காய்க்கும் டின் பாலுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறோம். கேட்கும்போது குரல் மாறக்கூடாது, பேனா நிற்கக்கூடாது. கேட்கப் போகும் பெண்களுக்கே எந்தக் கேள்வி முக்கியம் என்று நாங்கள் சொல்வதில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அலுவலகத்தில் பழைய அலமாரியைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் அப்போது கடலில் இருந்தீர்கள். நமக்குத் திருமணமாகி மூன்று மாதம். ஆய்வு தொடங்குமுன், கேட்கப் போகும் பெண்களில் ஒருத்தியான புய் சான் கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்றாள். என் மாமியாரிடம் கேட்டுப் பார் என்று வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா நீலப் பட்டுச் சட்டைக்கு மாறி, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் சமையலறையில் நின்றேன். புய் சான் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்: மகனுக்குக் காது அடைப்பு உண்டா, மூக்கில் ரத்தம் வருமா, கழுத்தில் கட்டி உண்டா. அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தப் பழகு படிவம் உங்களைப் பற்றியது. அதைத்தான் தேடி எடுத்தேன்.

முப்பத்தெட்டு: கொடுத்ததே இல்லை. நாற்பத்தொன்று, புது மீன்: தினமும்.

ஒரு நிமிடம் உடம்பெல்லாம் இளகிவிட்டது. அப்புறம் மேலே பிறந்த தேதியைப் பார்த்தேன். மே 1951. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று ஊரையே கம்பி வேலிக்குள் அடைத்து, வாசலில் பட்டாளத்துக்காரன் பையைச் சோதித்து, அரிசியை அளந்து கொடுத்த காலம். அதற்குள் தினமும் புது மீன் எங்கிருந்து வந்திருக்கும்? வேறு எந்தத் தாய் இதைச் சொல்லியிருந்தாலும் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். என் மாமியார் என்பதால் போடவில்லை.

அவர்களிடம் நேராகக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று நீங்கள் எழுதியது தடுத்தது. எட்டு நாள் இப்படியே போயிற்று.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே வாடை. அம்மா மின் யீயை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தில் நகத்தளவு கருவாடு, பூப்போல அவித்துப் பிசைந்தது. ஏழு மாதக் குழந்தை அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது. நான் கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏன், விஷமா கலந்து வச்சிருக்கேன்?" என்றார்கள் அம்மா. "உன் காகிதத்துல எழுதாத சோறு பிள்ளை வாய்க்குள்ள போகக்கூடாதோ?"

குழந்தைக்கு உப்பு ஆகாதும்மா என்று ஏதோ முனகினேன்.

"உப்பு ஆகாதாம். ஆ கியோங் இதைத் தின்னுதான் எருமை மாதிரி வளர்ந்தான். அந்த எருமையைத் தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிட்டே, அது தின்னது மட்டும் உனக்கு ஆகல."

அதன்பின் நான் செய்தது எனக்கே வெட்கம். மருமகளாக ஒரு சொல் பேசவில்லை. வேலைக்குப் போன வீட்டில் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்டேன். எந்த மாதம் என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் நினைவு வராது. பல்லையும் பண்டிகையையும் வைத்துக் கேட்க வேண்டும். அவருக்கு எப்போது ஆரம்பித்தீர்கள், முதல் பல்லுக்கு முன்னாலா பின்னாலா? புது வருடத்துக்கு முன்னாலா பின்னாலா?

"பல்லுக்கு முன்னாடியே. புது வருஷம் வரல இன்னும். எனக்குப் பால் வத்திப் போச்சு. வேலிய விட்டு வெளிய போய் மீனா வாங்க முடியும்? சோத்துப் பானை மேல துண்டுக் கருவாட்ட வச்சு அவிப்பேன், உன் மாமனார் அதுல கை வைக்க மாட்டாரு. பிள்ளைக்கு ஆகட்டும்பாரு. தினமும்."

தினமுமா?

"தினமும்னா தினமும்தான். அதுல என்ன ரெண்டு கேள்வி?"

அப்படியென்றால் புய் சானிடம் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன். அம்மா குழந்தையின் வாயைத் துடைத்தார்கள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்கள். "அது கோலாலம்பூர்ல படிச்ச பொண்ணு. நீயோ வீட்டுக்கு வந்து மூணு மாசம், சமையக்கட்டுல நிக்கிறே. நாத்தக் கருவாடு குடுத்துப் பிள்ளைய வளர்த்தேன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயுமா சொல்லுவேன்?"

அலமாரியில் நானூற்றுச் சொச்சம் படிவங்கள் இருக்கின்றன. எத்தனை தாய்மார் நல்ல சட்டைக்கு மாறிக்கொண்டு வந்து பதில் சொன்னார்களோ. திங்கட்கிழமை எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் கமாருதீனிடம் இதைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருட உழைப்பை மறுபடி தொடங்கு என்பார், தொடங்குவேன். ஆனால் ஒன்று. நோய் வந்தவர்களின் தாய்களும் வராதவர்களின் தாய்களும் ஒரே அளவுக்கு மறைத்திருந்தால், கருவாட்டால் வரும் ஆபத்துக்கு நாங்கள் போட்டிருக்கும் கணக்கு குறைவு. உண்மை அதைவிடப் பெரியது. அந்த மதியம் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது.

அம்மா எழுந்து குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். "முப்பத்துமூணு வருஷத்துக் கதை இப்ப எதுக்கு? நீ கேட்டது பிள்ளைக்கா, அவனுக்கா?"

பிள்ளைக்குத்தான் என்றேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள ஆறு வருடம் பழகியிருக்கிறேன். அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை. அம்மா கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தை அவ்வளவு நேரம் கழுவி நான் பார்த்ததில்லை.

9 ஜூன், ஞாயிறு

நேற்று குழந்தை அழுததால் அதோடு நிறுத்தினேன். தூங்கிவிட்ட நேரத்தில் மீதியை எழுதுகிறேன்.

இப்போதே, இதைப் படித்துக்கொண்டே, இடது தாடைக்குக் கீழே கழுத்தில் விரல்களை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். வலிக்காத, உருளாத கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? இல்லாவிட்டாலும் மீதியைச் செய்தே ஆக வேண்டும். 22-ஆம் தேதி கப்பல் ரோட்டர்டாமுக்கு வருகிறது, இந்தக் கடிதமும் அங்கேதான் உங்கள் கைக்குக் கிடைக்கும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அங்கே ஏஜெண்டிடம் சொல்லிக் காது மூக்கு டாக்டரிடம் போங்கள். காதைக் கழுவிச் சொட்டு மருந்து கொடுத்தால் எழுந்து வராதீர்கள். மூக்கின் பின்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெற்குச் சீனத்திலிருந்து வந்த குடும்பம், குழந்தையிலிருந்து தினமும் கருவாடு, இந்த இரண்டையும் சொல்லுங்கள். தனியாக ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் என்ஜினியர் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதக் கடல் வேலை பாக்கி என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அங்கேயே இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். அதற்காகத்தானே என்ஜின் சத்தம் என்று எழுதினீர்கள். பரீட்சை அடுத்த வருடமும் வரும். ஆரம்பத்திலேயே வந்து கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்ட பலர் இன்று வேலைக்குப் போகிறார்கள், எங்கள் படிவத்துக்குத் தாங்களே கையெழுத்துப் போடுகிறார்கள். தள்ளிப்போட்டவர்களை நான் சந்தித்ததில்லை. அவர்களுடைய தாய்மார்களைத்தான் சந்தித்திருக்கிறேன்.

24-ஆம் தேதிக்குள் உங்களிடமிருந்து தந்தி வர வேண்டும். வராவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்க் கம்பெனி மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளுங்கள், நேரில்.

இன்று காலை சமையலறைக்குப் போனால், ஜன்னல் கம்பியில் தொங்கும் கருவாடு இல்லை. கொக்கி மட்டும் இருந்தது. விடியுமுன்னே அம்மா சந்தைக்குப் போய்ப் புது மீன் வாங்கி வந்து, முள் எடுத்து, குழந்தைக்குக் கஞ்சி வைத்திருந்தார்கள். மின் யீ இரண்டு வாய் துப்பிவிட்டு மூன்றாவதை விழுங்கினாள்.

சற்று முன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "அவனுக்கா எழுதுறே? நான் சொல்றதையும் எழுது. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே" என்றார்கள். சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஆ கியோங், போகும்போது கட்டிக் குடுத்தேனே கருவாட்டு டப்பா, அதைக் கடல்ல போட்டுடு. மிச்சம் இருக்கேன்னு பார்க்காதே. டப்பாவோட போடு. கரை வந்ததும் உன் பெண்டாட்டி எங்க போகச் சொல்றாளோ அங்க போ. அம்மா கேட்டுக்கிறேன்."

எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் பகுதியை மட்டும் படித்தேன். தலையாட்டினார்கள். எழுந்து கதவு வரை போனவர்கள் திரும்பி நின்று கேட்டார்கள்.

"எந்தக் காது?"

இடது என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றதை அதோடு மீறிவிட்டேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம், கரையில் இறங்கினால் போதும்.

உங்கள் தந்திக்குக் காத்திருக்கும்,
சூக் ஹா