நீயே போய்ப் பார்த்துச் சொல்

இன்று காலை என் போனில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. பள்ளி ஆப்பில் பிள்ளைகள் கேள்வி அனுப்பினால் வருமே, அந்த ‘டிங்’. ஒரு வருடமாக மூடிக் கிடந்த ஆக்டிவிட்டியை ஆபீஸில் யாரோ அப்படியே திறந்துவிட்டிருந்தார்கள். அடித்துப் பிடித்து ஓடி நிறுத்தினேன். “ஏன் மிஸ்? போன வருஷம் பேரன்ட்ஸ் எல்லாம் பாராட்டினாங்களே,” என்றார் தலைமை ஆசிரியை. டெக்னிக்கல் ப்ராப்ளம் என்றேன். பொய் சொல்வதில் நான் நன்றாகத் தேறிவிட்டேன், தெரியுமா? சேலையூரில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

‘நம் தெரு மழை எங்கே போகிறது?’ நாலாம் வகுப்புக்காக நாம் இருவரும் ஸ்டாஃப் ரூமில் பஜ்ஜி எண்ணெய்க் கையோடு உருவாக்கியது. ஆன்லைன் என்றால் பாடத்தைக் கொட்டக் கூடாது, பிள்ளை தானே பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும். அதில் நமக்குள் சண்டையே இல்லை. சண்டை ஒரு வரிக்குத்தான். ‘பெரியவர்கள் இல்லாமல் வெளியே போகாதே’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் போடச் சொன்னாய்.

“ஏற்கெனவே ஸ்கிரீன் பூரா எழுத்து. எந்தப் புள்ள படிக்கப் போகுது?” என்றேன்.

“நீ முடிச்சூர்ல வந்து இருந்து பாருடி. எங்க ஏரியா தண்ணி உங்க தண்ணி மாதிரி இல்ல.”

நான் சிரித்தேன். முதல் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் போட்டேன். போதாததற்கு இன்னொன்றும் செய்தேன். பிள்ளையின் கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் மேலும் தேட வைப்பது நம் முறை. அத்தனை கேள்விக்கும் யார் உட்கார்ந்து எழுதுவது? தானாகவே போகும்படி ஒரு பதிலை வைத்துவிட்டேன். ‘அருமையான கேள்வி! நீயே போய்ப் பார்த்துச் சொல்.’ உன்னிடம் கேட்கக்கூட இல்லை.

மழைக்குப் பள்ளி லீவு விட்டார்கள். ஆப்புக்கு லீவு விட நான் மறந்தேன். மூன்றாம் நாள் மதியம், உன் பின்தெருவில் இருக்கும் நம் வகுப்புப் பெண், தண்ணீர் அளக்க வாய்க்கால் ஓரம் நட்டிருந்த குச்சியைப் படம் எடுத்து அனுப்பினாள். ‘மிஸ், நான் போட்ட கோடு முழுகிடுச்சு. இன்னும் ஏறுமா?’ அடுத்த நொடியே என் பதில் போயிற்று. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ உன் போனில் பார்த்தாய். அவள் அம்மா போனை எடுக்காததால் நீயே ஓடினாய். வாய்க்கால் எது, தெரு எது என்று தெரியாத தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கி வந்தாய். செருப்பு போய்விட்டது, காலில் ஏதோ கிழித்துவிட்டது. சாயங்காலம் போன் செய்து, “புள்ள பத்திரமா இருக்கு. மொதல்ல அந்தப் பதில எடு,” என்றாய். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். அந்தத் தண்ணீர் கொடுத்த எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் கிட்னி போய்விட்டது. கடைசியாகப் பார்த்தபோது உன் கண்கள் மஞ்சளாக இருந்தன. “அந்தப் புள்ள மேல யாரும் பழி போட்டுடாம பாத்துக்கோ,” என்றாய். என் பெயரை எடுக்கவே இல்லை.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். உன் தெரு முழுக்க அவளை ‘டீச்சரைக் காவு வாங்கின பொண்ணு’ என்கிறது. போன மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் உன் வீட்டுக்காரர், “அடங்காத புள்ள அது, டீச்சர். மழையில அங்க போகச் சொல்லி யாரு அழுதா?” என்றார். நான் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் ‘ஏன் மிஸ்’ என்று நிற்பவள், இந்த வருடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையைத் தூக்குவதே இல்லை.

ஒரு வருடமாக அந்த ஒரு பதிலைச் சுமந்து திரிகிறேன். இப்போது முடிச்சூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தூறல் பிடித்துவிட்டது. உன் வீட்டுக் கதவைத் தட்டியதும் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன்: “அண்ணா, அந்தப் புள்ளையப் போகச் சொன்னது நான்தான்.”